ஆறாயிரத்து ஏழு புளியங்கொட்டை

அன்று வாசலில் இருந்தவர்கள் இவர்கள். என் மாமியார், சுவரில் சாய்ந்து கால் நீட்டி. என் மாமனார், மாடு கட்டும் முளைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு. என் நாத்தனார், வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆனவள், முறத்தைப் பிடித்துக்கொண்டு. நகரிப் பக்கத்திலிருந்து வந்த குறிகாரர், நடுவில் கோணி விரித்து. அப்புறம் நான். என் வீட்டுக்காரர் இல்லை. அவர் இல்லாததால்தான் இத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

சண்டைக் காலம். அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி எங்கள் திருத்தணிக்கு வந்தார். கூலி நெல்லுக்கும் வழியில்லாத வருஷம் அது. எங்கள் தெருவில் நாலைந்து பேர் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். அரக்கோணத்தில் பேர் எழுதி, கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு பித்தளைப் பில்லை கொடுத்தார்கள். அதில் எண் வெட்டியிருந்தது. ரயில் ஏறுவதற்கு முன் ஒரு பொழுது வீட்டுக்கு விட்டார்கள். பில்லையோடு வந்தார்.

“அங்க பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்களாம். நெம்பர்தானாம்” என்றார்.

நாத்தனார் விடவில்லை. அன்று முழுக்க, “ஆறாயிரத்து ஏழு, துன்ன வா. ஆறாயிரத்து ஏழு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா” என்றாள். அவரும் ‘ஆங்’ ‘ஆங்’ என்று பதில் சொன்னார். மாமியாரும் சிரித்தார்.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. நம்பரைச் சொல்லலாமா கூடாதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வண்டிக்குப் போகும்போது நான் ஒரு தரம் சொன்னேன். திரும்பிப் பார்த்தார். அவரை நான் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

கொஞ்ச காலம் கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. சுகம், சுகமறிய ஆவல். பிறகு நின்றது. பிறகு எங்கள் தெருவில் போனவர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். குண்டு விழுந்து காட்டுக்குள் ஓடினதாகவும், ஓடினவர்கள் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது என்றும் சொன்னார்கள். மாமனார் மேஸ்திரியைத் தேடி அரக்கோணம் போனார். மேஸ்திரி சொன்னது இதுதான்: “செத்தவங்க கணக்குலயும் இல்ல. கீறவங்க கணக்குலயும் இல்ல.”

அதற்கு மேல் கேட்க ஆள் கிடையாது.

ஒரு வருஷம் போயிற்று. மாமியாருக்கு ஒரே கவலை. செத்திருந்தால் காரியம் செய்யவில்லையே, தண்ணி இல்லாமல் நிற்பானே என்று. என் கழுத்தில் தாலி இருக்கிறவரைக்கும் காரியம் செய்ய முடியாது. என் கவலை வேறு. காரியம் செய்துவிட்டால் அவர் செத்தவர். பிறகு ரயிலடியில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். வழி பார்க்க மாட்டார்கள். உயிரோடு எங்கேயாவது கிடந்தாலும் எங்களுக்குச் செத்தவர்தான். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடவில்லை. பேசாமல் ஒரே சட்டியில் கூழ் குடித்தோம்.

அப்போதுதான் குறிகாரரைக் கூப்பிட்டது.

இந்தக் குறிகாரர் கொட்டை எண்ணிச் சொல்கிறவர். மாடு தொலைந்தாலும் மனுஷன் தொலைந்தாலும் ஒரு பிடி கொட்டை அள்ளி, இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகத் தள்ளுவார். மீதி இல்லாமல் எந்த எண்ணில் விழுகிறதோ அத்தனை நாளில் வரும். சண்டைக்குப் போனவர்களுக்கு மட்டும் பிடி கிடையாது. அவர்கள் நம்பர் எத்தனையோ அத்தனை கொட்டை வேண்டும். நாளும் கிடையாது, மாசம்.

“பேரை சர்க்கார் எடுத்துகினாங்க. இப்ப நெம்பர்தாம்மா அந்தப் பையன்” என்றார்.

கொட்டை சேர்க்க எனக்குக் கஷ்டம் இல்லை. நான் கடைத்தெருவில் ஒரு புளி மண்டியில் புளி தட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பங்குனி, சித்திரையில் வண்டி வண்டியாகப் புளி வரும். முன்னெல்லாம் கொட்டையைக் கொட்டிவிடுவார்கள். அந்த வருஷம் அதையும் வறுத்து ஊறவைத்துத் தின்கிற வீடுகள் இருந்தன. முதலாளியிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “எத்துகினு போம்மா” என்றார். முந்தானையில் கட்டி எடுத்துவந்தேன். நூறு நூறாகக் குவித்தோம். அறுபது குவியல். மேலே ஏழு. நாத்தனார் ஒரு தரம் எண்ணினாள், நான் ஒரு தரம், மாமனார் ஒரு தரம். சரியாக இருந்தது.

குறிகாரர் வெற்றிலையை மென்று முடித்தார். ஒரு கொட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, “லாபம்” என்று சொல்லிக் குவியலிலேயே போட்டார். பிறகு இரண்டில் ஆரம்பித்தார்.

இரண்டு இரண்டாகத் தள்ளினார். கடைசியில் ஒன்று மீதி. மாமியார் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“இரும்மா. இப்பத்தான ஆரம்பிச்சிகிறோம்.”

மூன்று மூன்றாகத் தள்ளினார். ஒன்று மீதி. நான்கில் மூன்று மீதி. ஐந்தில் இரண்டு. ஆறில் ஒன்று. ஏழில் ஒன்று. எட்டில் ஏழு. ஒவ்வொரு தடவையும் கொட்டை ஒரு முறத்திலிருந்து இன்னொரு முறத்துக்குப் போயிற்று. வெயில் ஏறிற்று. நாத்தனார் முறத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுத்தாள். ஒன்பதில் நான்கு. பத்தில் ஏழு. பதினொன்றில் ஒன்று. பன்னிரண்டில் ஏழு.

குறிகாரர் விரலைச் சொடுக்கிக்கொண்டார். “நானு இருபது வருஷமா எண்றேன். பன்னெண்டுக்குள்ள எதுலயும் வுழாத நெம்பரு பாத்ததில்ல.”

“அப்ப?” என்றார் மாமியார்.

“மேலயும் எண்ணிப் பாருங்க. எதுல மீதி இல்லாம வுழுதோ அத்தினி மாசம். எதுலயும் வுழலன்னா காத்துகினு இருக்காதீங்க. ஆவற காரியத்தப் பாருங்க.”

“நீங்க எண்ண மாட்டீங்களா?”

“எனக்கு இன்னும் ரெண்டு வூடு கீதும்மா.”

எழுந்து போய்விட்டார். பக்கத்துத் தெருவில் ஒருத்தி புருஷனும் போனவன். அவன் நம்பருக்கு இரண்டிலேயே விழுந்துவிட்டதாம். சாயங்காலம் அவள் பூ வைத்துக்கொண்டு தண்ணிக்கு வந்தாள். அவள் புருஷனும் வரவில்லை, பிற்பாடு. ஆனால் அன்றைக்குப் பூ வைத்திருந்தாள்.

மாமியார் என்னைக் கூப்பிட்டார். “நீ எண்ணு. எண்ணி முடிக்கிற வரிக்கும் தாலி கழுத்துல கெடக்கட்டும். முடிஞ்சா நாம கொளத்துக்குப் போயி எறக்கிட்டு வந்துடலாம்.”

“எது வரிக்கும் எண்றது அத்தை?”

“வுழற வரிக்கும்.”

“வுழலன்னா?”

அவர் முறத்தை என் பக்கம் தள்ளினார்.

அன்றிலிருந்து என் வேலை அது. பதிமூன்றில் ஆரம்பித்தேன். பெரிய எண்ணைக் கையால் தள்ளினால் தப்பும். அதனால் வாசலைச் சாணி போட்டு மெழுகி, தரையில் வரிசையாக அடுக்கினேன். வரிசைக்குப் பதிமூன்று. அதற்குக் கீழே பதிமூன்று. கடைசி வரிசை நிரம்பினால் விழுந்தது என்று அர்த்தம். நிரம்பவில்லை. ஒன்று தனியாக நின்றது. மறுநாள் பதினான்கு. அதிலும் ஒன்று.

வேலைக்குப் போகிற நாளில் அடுக்க மாட்டேன். அடுக்குகிற நாளிலும் ஓர் எண்தான். மெதுவாக அடுக்கினேன். ஒவ்வொரு கொட்டையையும் படுக்கவைத்து, பக்கத்துக் கொட்டையோடு ஒட்டவைத்து, நேராக்கி. மாமியார் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“இன்னாமே, கோலம் போடறியா?” என்பார்.

“வரிசை கோணினா எண்ணிக்கை தப்புது அத்தை.”

“ஆங், ஆங்.”

நான் ஏன் மெதுவாக அடுக்குகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் அவசரப்படுத்தவில்லை. அவருக்கும் பிள்ளை.

பதினைந்தில் ஏழு மீதி. பதினாறில் ஏழு. பதினேழில் ஆறு. பதினெட்டில் பதிமூன்று. பத்தொன்பதில் மூன்று. இருபதில் ஏழு. இருபத்தொன்றில் ஒன்று. இருபத்திரண்டில் ஒன்று. இருபத்தாறில் ஒன்று. எத்தனையோ எண்ணில் ஒன்றே ஒன்றுதான் மீதி. பத்து மீதி இருந்தால்கூட மனசு ஆறும். ஒன்று மீதி என்றால் ஆறாது. கதவு வரைக்கும் வந்து நிற்பது போல் இருக்கும்.

முப்பத்துமூன்று அடுக்கின நாள். கீழே ஒன்று நின்றது. நாத்தனாருக்குப் பசி. அந்த மாசம் எல்லோருக்கும் பசிதான், ரேஷன் அரிசி புழுத்து வந்தது. அவள் அந்த ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“அண்ணி, இத்த நான் துன்னுட்றேன். யாருக்குத் தெரியப்போவுது? கணக்கும் சரியாப்பூடும்.”

நானும் அதை நினைத்திருந்தேன். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டில் விழும், மூன்றில் விழும், ஆறில், ஏழில், பதினொன்றில், பதிமூன்றில், ஒன்று மீதி நின்ற எல்லாவற்றிலும் விழும். முழுக்கச் சரியாகிவிடும். ஒரே ஒரு கொட்டை.

மாமியார் சுவரோரம் இருந்து கேட்டுவிட்டார். “வைடி கீழே.”

“சும்மா சொன்னேம்மா.”

“அந்த ஒண்ணு யாருன்னு நெனச்சிகினு துன்ற? மத்ததெல்லாம் சரியா நிக்குது. அது ஒண்ணுதான் எங்கயும் சேராம நிக்குது. அதாண்டி உன் அண்ணன்.”

நாத்தனார் கொட்டையைக் கீழே வைத்தாள். அழவில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எடுத்துவிட்டால் சரியாகும் என்பது உண்மை. எடுத்தால் அவர் இல்லை.

வைகாசி போயிற்று. ஆனி வந்தது. முப்பத்தொன்பதில் ஒன்று. நாற்பத்திரண்டில் ஒன்று. ஐம்பதில் ஏழு. நடுவில் ஒரு நாள் கோழி புகுந்து கலைத்துவிட்டது. முழுக்கப் பொறுக்கி, நூறு நூறாகத் திரும்ப எண்ணி, ஒரு கொட்டை குறைந்து, வாசல் முழுக்கத் தேடி, சாணித் தொட்டிப் பக்கத்தில் கிடைத்தது. மாமனார்தான் தேடி எடுத்தார். துடைத்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். களத்தில் நெல் அளக்கிறவர். திருவாலங்காடு வரைக்கும் போய் அளந்து கொடுப்பார். அளக்கும்போது மட்டும் குரல் வரும்.

அறுபத்தாறில் ஒன்று. எழுபத்தேழு அடுக்கினேன். வரிசைக்கு எழுபத்தேழு, மொத்தம் எழுபத்தெட்டு வரிசை வந்தது. கீழே ஒன்று. வாசல் முழுக்கச் சதுரமாக ஒரு பாய் விரித்தது போல் இருந்தது. மறுநாள் எழுபத்தெட்டு அடுக்கினேன். எழுபத்தேழு வரிசை வந்தது. கீழே ஒன்று.

பார்த்தேன். அதே பாய். திருப்பிப் போட்டது போல் இருந்தது. நேற்று நீளமாக இருந்தது இன்றைக்கு அகலம்.

என்னவோ தட்டுப்பட்டது. என்ன என்று சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் இருந்தது. எழுபத்தொன்பது அடுக்கலாம், எண்பது அடுக்கலாம், நூறு, ஆயிரம், ஆறாயிரம் வரைக்கும் அடுக்கலாம். எனக்கு வயசு இருக்கிறது. அப்படித்தான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஜெபம் முடிந்து எங்கள் தெருவழியாக வந்தார். நான் மூன்று வருஷம் அவரிடம் படித்தவள். அவருக்கு நாங்கள் கொட்டை அடுக்குகிற விஷயம் முன்பே தெரியும். ஊருக்கே தெரியும். அதுவரைக்கும் வாசலுக்கு வந்ததில்லை. வந்தார்.

“இன்னும் அடுக்கறியா?”

“ஆமாங்க.”

“எத்தனை கொட்டை?”

சொன்னேன்.

“எத்தனை வரைக்கும் அடுக்கிட்ட?”

“எழுவத்தெட்டு.”

அவர் குடையை மடக்கிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். ஈர்க்குச்சியால் தரையில் கணக்குப் போட்டார். போட்டுப் போட்டு அழித்தார். நெடுநேரம் ஆயிற்று. மாமியார் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். மாமனார் முளைக்குப் பக்கத்தில். நாத்தனார் ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சரம்மா குச்சியைக் கீழே போட்டார். “போதும்மா. இனிமே அடுக்காத. வீண் வேலை.”

“ஏங்க?”

“எழுபத்தேழுக்கு மேல எந்த எண்ணுல விழுந்தாலும், அதுக்கு ஜோடி ஒண்ணு எழுபத்தேழுக்குக் கீழ இருந்தே ஆவணும். வரிசை நீளமானா வரிசைங்க கொறையும், இல்லையா? அந்தக் கொறைஞ்ச எண்ண நீ முன்னயே அடுக்கிப் பாத்துட்ட. அதுல விழலன்னா இதுலயும் விழாது.”

எனக்குப் புரிந்தது. திருப்பிப் போட்ட பாய்.

“இந்த மாதிரி எண்ணுக்குப் பகா எண்ணுன்னு பேரு. எதாலயும் வெட்ட முடியாது. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுந்தான் வகுபடும். இதுல கெட்டது எதுவும் இல்ல. இப்படி எண்ணு எவ்வளவோ கீது. யாரோ ஒரு குமாஸ்தா வரிசையா நம்பர் கொடுத்துகினு வந்தாரு. உன் வீட்டுக்காரருக்கு இது வந்துது. அவர் உயிருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா.”

நல்லதுக்குத்தான் சொன்னார். நான் முதுகு ஒடிய அடுக்குகிறேன் என்று பாவப்பட்டுச் சொன்னார். அடுக்கி முடிக்கிற வரைக்கும்தான் என் கழுத்தில் தாலி என்று அவருக்குத் தெரியாது.

மாமியார் கேட்டார்: “அப்ப இதுக்கு மேல எண்ணவே வாணாமா?”

“வேணாங்க.”

“எதுலயும் வுழாதா?”

“விழாதுங்க.”

“அப்ப முடிஞ்சிது.”

டீச்சரம்மாவுக்கு அப்போதுதான் என்னவோ தோன்றிற்று. மாமியார் முகத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். “நான் அப்படிச் சொல்லலைங்க. இது வெறும் எண்ணு. நாங்க அவருக்காக ஜெபம் பண்ணிகிட்டுத்தான் இருக்கோம்.”

“நீங்க ஜெபம் பண்றீங்க. நாங்க கொட்ட எண்றோம்” என்றார் மாமியார். “நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. நீங்க சொல்லலன்னா இவ ஆயுசு பூரா அடுக்கிகினு இருப்பா. நானும் பாத்துகினு இருப்பேன். எவ்ளோ நாள்தான் புள்ள தண்ணியில்லாம நிப்பான்?”

என்னிடம் திரும்பினார். “வர்ற புதன்கெழம கொளத்துக்குப் போலாம்மா. கூட்டம் இருக்காது.”

நான் வாசலில் கிடந்த அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த கெடு முடிந்துவிட்டது. அழுகை வரவில்லை. நாத்தனார் டீச்சரம்மாவுக்கு வைத்த தண்ணியை எடுத்து நான் குடித்தேன்.

அப்போது மாமனார் பேசினார்.

“இன்னா சொன்னீங்க டீச்சரம்மா? ஒண்ணாலயும் தன்னாலயுமா?”

“ஆமாங்க.”

“ஒண்ணுல வுழுமா?”

“ஒண்ணுல எல்லா எண்ணும் விழும் ஐயா. அது கணக்கே இல்ல.”

“குறிகாரரு ஒண்ணு எண்ணலியே.”

மாமனார் எழுந்து வந்தார். “அவரு ரெண்டுல இருந்து ஆரம்பிச்சாரு. ஒண்ணுக்கு லாபம்னு சொல்லிட்டுப் போட்டுட்டாரு. நானும் அப்பிடித்தான் சொல்றேன். எங்க நைனாவும் அப்பிடித்தான் சொன்னாரு. மொதல் மரக்கா போடும்போது எவனும் ஒண்ணுன்னு வாய்ல சொல்ல மாட்டான். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் அளப்போம். ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுடும்னு. ஆனா கூலி குடுக்கும்போது அந்த மரக்காலயும் சேத்துதான் குடுப்பாங்க. லாபம்னு சொன்னதால அது இல்லாம பூடாது. அதுவும் ஒரு மரக்காதான்.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“ஒண்ணுல வுழுந்தா ஒரு மாசம்” என்றார்.

மாமியார், “இன்னாத்துக்கு இப்பிடி?” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டீச்சரம்மா குடையை எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

“அடுக்குங்க” என்றார் மாமனார்.

வரிசைக்கு ஒன்று, ஒன்றன் கீழ் ஒன்று. வாசலில் இடம் போதாது. வாசற்படியிலிருந்து ஆரம்பித்து, தெருவில் இறக்கி, கிணற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு போனோம். நான் அடுக்கினேன். நாத்தனார் முறத்தில் கொட்டையோடு பின்னால் வந்தாள். மாமனார் கோழியையும் ஆட்டையும் விரட்டினார். தெருவே வந்து நின்றது. ஒரு கிழவர் கேட்டார்:

“இன்னாம்மே, எறும்புக்கு ரோடு போடறீங்களா?”

“ஆமா தாத்தா. அண்ணன் அங்க போட்டது போதலையாம்” என்றாள் நாத்தனார்.

சிரித்தார்கள். யாரும் மிதிக்கவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு மாட்டுவண்டி வேறு தெருவழியாகத் திரும்பிப் போயிற்று.

கிணறு தாண்டி, வேப்பமரம் தாண்டி, கடைசிக் கொட்டையை வைத்தேன். மீதி இல்லை. வரிசைக்கு ஒன்று என்றால் மீதி எப்படி இருக்கும், அது எனக்கும் தெரியும், மாமனாருக்கும் தெரியும். ஆனாலும் வெறும் முறத்தை வாங்கித் திருப்பித் தட்டிப் பார்த்தேன். மூன்று மாசமாக அந்த முறம் ஒரு தரம்கூடச் சரியாகக் காலியாகி நான் பார்க்கவில்லை. மாமியார் வரிசை ஓரமாகவே நடந்து வந்தார். கடைசிக் கொட்டை வரைக்கும் வந்து, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“செரி. ஒரு மாசம்” என்றார்.

அந்த ஒரு மாசத்தில்தான் ஆடிக் கிருத்திகை வந்தது. மலையே தெரியாத கூட்டம். காவடி எடுத்துக்கொண்டு, அரோகரா போட்டுக்கொண்டு, சித்தூர் பக்கத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும். நான் மண்டி வேலைக்குப் போகவில்லை. ரயிலடியில் நின்றேன். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். இறங்குகிறவர்கள் பாதிப்பேர் பூக்காவடி தோளில் வைத்து முகம் தெரியாமல் வந்தார்கள். மலையிலிருந்து திரும்புகிறவர்கள் மொட்டையடித்து, சந்தனம் பூசி, எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். மெலிந்த ஆள் ஒருவர் பின்னால் ஓடினேன். முதுகு அவர் முதுகு மாதிரியே இருந்தது. கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆறாயிரத்து ஏழு, ஆறாயிரத்து ஏழு என்று. இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆள் திரும்பவில்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். வேறு யாரோ. அவர் என்னிடம், “இன்னாம்மா, யாராவது தொலைஞ்சிட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கூடவே கொஞ்ச தூரம் தேடினார். பாவம், யாரைத் தேடுகிறோம் என்று கேட்கவில்லை.

கூட்டம் வடிந்தது. தெருவெல்லாம் வாடின பூ. மாசம் முடிந்தது. அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் குளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். மஞ்சள் புடவை எடுத்து வைத்திருந்தார், எனக்குக் கடைசியாகக் கட்ட. அவர் கண் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“மாசம் பூட்ச்சிம்மா” என்றார்.

“ஆங்.”

“போலாமா?”

நான் எழுந்தேன். மாமனார் முளைக்குப் பக்கத்தில் இருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

“டீச்சரம்மா ரெண்டு சொன்னாங்க.”

“இன்னா ரெண்டு?” என்றார் மாமியார்.

“ஒண்ணாலயும் வுழும், தன்னாலயும் வுழும்னாங்க. ஒண்ணு போச்சி. இன்னொண்ணு கீது.”

“தன்னாலன்னா?”

“அன்னிக்கு வரிசைக்கு ஒண்ணு. இது அத்தினி கொட்டையும் ஒரே வரிசை. அதுவும் மீதி இல்லாமதான் வுழுது. மீதி இல்லன்னா செத்தவன் இல்ல. குறிகாரரு சொன்னது அதான? மாசந்தான் கொஞ்சம் அதிகம்.”

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் மாமனாரை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். மஞ்சள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

“எத்தினி மாசம்?” என்று என்னைக் கேட்டார்.

“ஆறாயிரத்து ஏழு மாசம் அத்தை.”

“மாசத்துல சொன்னா எனக்கு இன்னா புரியும்? வருஷத்துல சொல்லு.”

நான் கொட்டைக் கூடையை எடுத்துவந்தேன். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக் குவியல் வைத்தேன். குவியலுக்கு ஒரு வருஷம். நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு பக்கமிருந்து, நான் ஒரு பக்கமிருந்து. வாசல் நிறையக் குவியல். மாமனார் எழுந்து போய் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் அவசரப்படவில்லை. உச்சி வெயில் வந்தது. நாத்தனார் குவியலை எண்ணினாள், நானும் எண்ணினேன். இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்தது.

“எண்ணிட்டியா?” என்றார் மாமியார்.

“ஆங்.”

“எத்தினியா இருந்தாலும் செரி. அதுவரிக்கும் கழுத்துல கெடக்கட்டும். சொல்லு.”

சொன்னேன்.

ஐந்நூறு வருஷம், ஏழு மாசம்.